பக்கத்தைப் பிடி, நுனியை விடு

ஜூன் பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். வானம் மூடிக் கிடந்தது. ஆனால் மழை இல்லை. வாசலில் நிற்கும் வேப்பமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. மின்விசிறியை ஐந்தில் வைத்தும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில், ராஜகீழ்ப்பாக்கத்தில் என் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, ஐம்பத்து மூன்று வயதுக் கன்னியாஸ்திரீ ஒருவருக்கு ஸ்பானிஷ் மொழியில் 'மண்' என்ற சொல்லைச் சொல்லிக் காட்ட வாயைத் திறந்தேன். தியெர்ரா. நடுவில் வரும் அந்த 'ர்ர' உருள வேண்டும். நாற்பத்தோரு வருடமாக என் நாக்கில் உருண்டுகொண்டிருந்த ஒலி அது.

உருளவில்லை. இடது கடைவாய் ஓரமாகக் காற்று 'புஸ்' என்று வெளியே போயிற்று.

"தண்ணி குடிங்க சார்," என்றார் சிஸ்டர் ஃபிலோமினா.

குடித்தேன். மறுபடி சொன்னேன். புஸ். மூன்றாம் முறை எச்சில் தெறித்துப் பாடப் புத்தகத்தின் மேல் விழுந்தது. கைக்குட்டையால் துடைத்தேன். அவர் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

உள்ளறையிலிருந்து என் மனைவி எஸ்தரின் குரல் வந்தது. "என்னங்க, குக்கரை அடுப்புல வச்சிருக்கீங்களா என்ன? சத்தம் வருது?"

இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்கள் கவனித்திருப்பார்கள். நடுவில் இருபத்திரண்டு வாரம் இது வரவில்லை. 'கட்டுரையாளரின் உடல்நலக் குறைவு காரணமாக' என்று ஆசிரியர் ஒரே ஒரு வரி போட்டார். ஆசிரியரைக் குறை சொல்லவில்லை, இடப் பற்றாக்குறை. அந்த ஒரு வரியைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

ஏழு கிழவிகளும் ஒரு சிஸ்டரும்

ஓய்வு பெற்றபின் வீட்டில் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்து வந்தேன். வருகிறவர்கள் பெரும்பாலும் கால் சென்டர் வேலைக்குப் போகும் பிள்ளைகள். மூன்று மாதம் வருவார்கள், வேலை கிடைத்ததும் கடைசி மாதத்தை மறந்துவிடுவார்கள். சிஸ்டர் ஃபிலோமினா அப்படியல்ல. செவ்வாயும் வெள்ளியும் பத்து மணிக்கு வாசல் மணி அடித்தால் அவர்தான்; கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம்.

தாம்பரத்தில் அவருடைய சபை நடத்தும் முதியோர் இல்லத்தில் அவர் நர்ஸ். அந்தச் சபைக்கு ஸ்பெயினில் ஒரு சிற்றூரில் பழைய மடம் ஒன்று உண்டு. அங்கே இளம்பெண்கள் யாரும் இப்போது மடத்துக்கு வருவதில்லை. இருக்கிறவர்களைக் குளிப்பாட்டவும் மாத்திரை கொடுக்கவும் இங்கிருந்து ஆள் அனுப்புகிறார்கள்.

"ஏழு பேரு இருக்காங்களாம் சார். அதுல சின்னவங்களுக்கே எழுபத்தொம்பது வயசு," என்றார் முதல் நாள். "எல்லாரையும் அடக்கம் பண்ணிட்டுச் சாவிய யாருகிட்ட குடுக்கணும்னு கேட்டேன். மதர் திட்டிட்டாங்க."

நாங்கள் சி.எஸ்.ஐ. சபை, புராட்டஸ்டண்ட். அதில் அவருக்கு ஒரு வேடிக்கை. "உங்க சபையில துறவிகள் கிடையாதுல்லா சார்?"

"எங்க சபையில கமிட்டி இருக்கு சிஸ்டர். அதுல உக்காந்து எழுந்தா போதும், எல்லாம் துறந்துடும்."

அவர் கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர். சென்னையில் பிறந்து வளர்ந்த எனக்கு ரகரமும் றகரமும் காதில் ஒன்றுதான். எழுதும்போது மட்டும் வேறு வேறு. அவர் ஊரில் அப்படி இல்லை. 'துறை' என்றால் நாக்கு உண்மையிலேயே உருளும்.

முதல் வகுப்பில் 'துறை' சொல்லச் சொன்னேன். சொன்னார். "இதுதான் ஸ்பானிஷ் ர்ர்," என்றேன்.

"அட, எனக்க அம்மை மீன் விக்கும்போது இதத்தானே கத்தும்! இதுக்கா சார் பீஸ் வாங்குதீங்க?"

ஆனால் ஸ்பானிஷ் சொல்லைப் புத்தகத்தில் பார்த்தவுடன் நர்சிங் பள்ளியில் படித்த ஆங்கில 'ர' வந்து குறுக்கே நிற்கும். அதனால்தான் அன்று நான் சொல்லிக் காட்ட வேண்டியிருந்தது.

தோல் துண்டு

இந்த ஒலி எனக்கு வந்த கதையைச் சொன்னால்தான் அது போன கதை புரியும்.

பல்லாவரத்தில் ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தேன். முதலாளி ஒரு பாய். ஆட்டுத் தோலைப் பதனிட்டு ஸ்பெயினுக்கு அனுப்புவோம். அங்கே செருப்பாகவும் கையுறையாகவும் ஆகும். ஒரு சமயம் புது இயந்திரம் ஒன்றைப் பூட்டிக்கொடுக்க அங்கிருந்து ரமோன் என்ற ஃபிட்டர் வந்து இரண்டு மாதம் தங்கினார்.

ரமோன் என்று நாங்கள் கூப்பிட்டால் அவர் திரும்பமாட்டார். அவர் பெயரின் முதல் எழுத்தே உருள வேண்டிய எழுத்து. முதலாளி என்னை அழைத்தார். "தம்பி, நீ பி.காம் படிச்ச புள்ள. அந்தாளு பேரச் சொல்லி ஒழுங்காக் கூப்பிட ஒருத்தனாவது வேணும். நாலு வார்த்தை கத்துக்க. சம்பளத்துல பாத்துக்கலாம், இன்ஷா அல்லா." சம்பளத்தில் பார்க்கவே இல்லை. அது வேறு விஷயம்.

கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். நாக்கின் நுனியைப் பலம்கொண்ட மட்டும் மேலே அடித்தேன். கழுத்து நரம்பு புடைத்தது. 'ட', 'ட' என்றுதான் வந்தது. வீட்டில் குளியலறையில் நின்று பழகுவேன். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. எஸ்தர் கதவைத் தட்டி, "ஆட்டோவ வெளியில நிறுத்திட்டுக் குளிங்க," என்பாள்.

ரமோன் ஒரு நாள் பொறுமை இழந்தார். கையுறைக்கென்று வைத்திருந்த மெல்லிய ஆட்டுத் தோலில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டினார். அதன் இரண்டு பக்கங்களையும் இரு கட்டைவிரலால் இறுக்கிப் பிடித்து, நுனியை மட்டும் தொங்கலாக விட்டு, உதட்டருகே வைத்து ஊதினார். நுனி படபடவென்று அடித்துக்கொண்டது. ர்ர்ர்.

அப்புறம் செருப்பின் அடிப்பாகத்துக்கான கெட்டித் தோலில் அதே அளவுத் துண்டு. ஊதினார். ஒன்றுமில்லை. வெறும் காற்று.

பிறகு பக்கத்திலிருந்து ஒரு கையை எடுத்துவிட்டு மெல்லிய தோலையே ஊதினார். அது ஒரு புறமாகச் சரிந்து கிடந்தது. காற்று அந்தப் பக்கமாக ஓடிவிட்டது.

இவ்வளவுதான் பாடம். நாக்கின் இரண்டு ஓரங்களும் மேல் கடைவாய்ப் பற்களை அணைத்துக்கொள்ள வேண்டும், காற்று பக்கவாட்டில் கசியாதபடி. நுனி மேல்பற்களுக்குப் பின்னால் உள்ள மேட்டைத் தொட்டும் தொடாமலும் தளர்ந்து கிடக்க வேண்டும். நெஞ்சிலிருந்து வரும் காற்று நுனியைத் தள்ளும். நுனி தன் துவளலால் திரும்ப வந்து ஒட்டும். காற்று மறுபடி தள்ளும். ஒரு சொல்லுக்கு இரண்டு மூன்று தட்டு. ஒரு நொடிக்கு இருபத்தைந்துக்குக் குறையாமல் தட்டும் வேகம் அது என்று பிற்பாடு படித்தேன். அந்த வேகத்தில் யாரும் நாக்கை வேண்டுமென்று ஆட்ட முடியாது. சாதாரண ரகரத்துக்குத்தான் நாக்கு தானே எழுந்து ஒரு தட்டு தட்டும். உருளும் ரகரத்தில் நாக்குக்கு வேலையே இல்லை. பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, நுனியை விட்டுவிட வேண்டும்.

எனக்கு இது பிடிக்கவே இல்லை. எண்ணிப் பார்த்து, கூட்டிச் சரிபார்த்துப் பழகியவன் எதை எப்படி விடுவது?

ஆனால் வந்தது. பல்லாவரத்திலிருந்து தாம்பரம் வரும் மின்ரயிலில், களைத்துப்போய்க் கதவோரம் நின்றபோது, நினையாமல் வந்தது. ர்ர்ர்ர். பக்கத்தில் நின்றவர் தன் பையைத் தூக்கிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றார். இறங்கி வீடுவரை உருட்டிக்கொண்டே நடந்தேன்.

எஸ்தர் கதவைத் திறந்து, "வந்துடுச்சா?" என்றாள். அன்று எங்கள் வீட்டில் பாயசம்.

மண்டலம்

எஸ்தருக்குக் கண் போய் ஆறு வருடம் ஆகிறது. சர்க்கரை. வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். வாசிக்காமல் அவளால் இருக்க முடியாது. ஆகவே நான் வாசிப்பேன். மாலை ஐந்து மணிக்குச் செய்தித்தாள், தலைப்பு முதல் அச்சகத்தின் பெயர் வரை. வெள்ளிக்கிழமை இந்த வார இதழ். என் கட்டுரை வரும் பக்கம் வந்தால் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவாள்.

"அது வெள்ளிக்கிழமை இல்லைங்க, வியாழன். நீங்க தப்பா எழுதியிருக்கீங்க." பெரும்பாலும் அவள் சொல்வதே சரியாக இருக்கும்.

முகம் பார்க்க முடியாத அவளுக்கு நான் என்பது என் குரல்தான். அதில் ஒரு நூல் இழை பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவாள். மார்ச் நடுவில் கண்டுபிடித்தாள்.

"என்னங்க, மூணு நாளாப் பேச்சுல ஏதோ நெருடுது. வாயில என்ன?"

"சின்னப் புண்ணு. கடைவாய்ப் பல்லு உரசுது."

"உடம்புச் சூடு. மோர் குடிக்கச் சொன்னா குடிக்கிறதில்ல. மணத்தக்காளிக் கீரை வாங்கிட்டு வாங்க, நான் செய்றேன்."

வாய்ப்புண் என்றால் உடம்புச் சூடு. உடம்புச் சூடு என்றால் மணத்தக்காளி. இதைச் சந்தேகிக்கும் வீடு எங்கள் தெருவில் ஒன்றுகூட இல்லை. புகையிலை, பாக்கு, சிகரெட் எதையும் தொடாதவன் நான். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

கீரை விற்கும் அஞ்சலை பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து ஷேர் ஆட்டோவில் கூடையோடு வந்து எங்கள் முனையில் உட்காருவாள். கட்டு பதினைந்து ரூபாய்.

"யாருக்கு சார், உனுக்கா? ஒரு மண்டலம் துன்னு. நாப்பத்தெட்டு நாளு. புண்ணு இருந்த எடம் தெரியாது."

மண்டலம் எங்கள் வேதத்தில் இல்லை. ஆனால் நாற்பத்தெட்டு என்கிறாள். ஐம்பதும் இல்லை, நாற்பத்தைந்தும் இல்லை. இவ்வளவு திட்டமான எண்ணைச் சொல்லும் ஒருவரை நம்பாமல் இருக்க என்னால் முடியாது. இது என் பிறவிக் குணம்.

எஸ்தர் ஆறு வருடமாக அடுப்பிலிருந்து விலகியிருந்தாள். இந்தக் கீரை அவளைத் திரும்பக் கொண்டுவந்தது. காலையில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு விரலால் தடவித் தடவி இலையைக் கிள்ளுவாள். பழுத்த இலை எது, பூச்சி அரித்தது எது என்று நுனிவிரலுக்குத் தெரியும். பச்சை மணிக்காய்களைத் தனியே ஒரு கிண்ணத்தில் போடுவாள். அடுப்பை நான் பற்றவைப்பேன். பாசிப்பருப்பும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவளே இறக்குவாள். ஒரு துளி சிந்தாது.

சாப்பிட்டு முடித்ததும் கேட்பாள். "எப்படி இருக்கு இன்னிக்கு?"

"பரவாயில்லை."

அவள் முகம் மலரும். அப்படி மலர்ந்து நான் பார்த்து வெகு காலம் ஆகியிருந்தது. மறுநாளும் பரவாயில்லை என்றேன்.

நாற்பத்தெட்டு நாள் முடிந்தது. கண்ணாடியில் பார்த்தேன். புண் கொஞ்சம் வெளுத்திருந்தது. வலி குறைந்த மாதிரிதான் இருந்தது. இன்னொரு மண்டலம் என்று முடிவு செய்தேன்.

"இன்னா சார், இன்னும் துன்னுகினு கீற?" என்றாள் அஞ்சலை. "எங்க பிளாக்காண்ட ஒரு ஆடு கீது. அதுகூட இத்தினி நாளு ஒரே தழைய துன்னாது. மூஞ்சத் திருப்பிகினு பூடும்."

இரண்டாம் மண்டலம் ஜூன் பதினாறாம் தேதி முடிந்தது. மொத்தம் தொண்ணூற்றாறு. மறுநாள் காலைதான் சிஸ்டர் ஃபிலோமினாவுக்கு 'மண்' சொல்லித்தர வாயைத் திறந்தேன்.

இரண்டு விரல்

"வாயைத் திறங்க சார்," என்றார் சிஸ்டர். பாடப் புத்தகத்தை மூடிவிட்டார்.

"ஒன்றுமில்லை சிஸ்டர், பல் உரசிய புண்."

"நான் இருபத்தாறு வருசம் நர்ஸ். திறங்க."

எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தார். கைபேசியின் விளக்கை ஏற்றினார். சுத்தமான கைக்குட்டையால் என் நாக்கின் நுனியைப் பிடித்து வலப்பக்கம் இழுத்து, இடது ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே வைத்து மெல்ல அழுத்தினார்.

அந்த விரல் அசைவை நான் அறிவேன். பல்லாவரத்தில் தோலைக் கட்டும் முன் ஒவ்வொரு தோலின் ஓரத்தையும் அப்படித்தான் இரண்டு விரலால் அழுத்திப் பார்ப்பார்கள். துவண்டால் ஏற்றுமதிக்கு. விறைத்தால் ஒதுக்கு.

"கெட்டியா இருக்கு சார்," என்றார் தாழ்ந்த குரலில். ஓரம் விறைத்த நாக்கு கடைவாயை அணைக்கவில்லை; அணைக்காத இடத்தில் காற்று கசிந்தது. ரமோனின் கெட்டித் தோல் துண்டு என் வாய்க்குள் இருந்தது.

உள்ளேயிருந்து எஸ்தர், "சிஸ்டர், அவரு புண்ணப் பாத்தீங்களா? ஆறிடுச்சா? தொண்ணூத்தாறு நாள் கீரை சாப்பிட்டிருக்காரு!" என்றாள். அந்தக் குரலில் அவ்வளவு பெருமை.

சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன், வேண்டாம் என்று.

"கொஞ்சம் இருக்கு அக்கா. டாக்டர்கிட்ட ஒருதரம் காட்டிட்டா நல்லது," என்றார். பிறகு என்னிடம், "நாளைக்கே போறோம். நானும் வாரேன்," என்றார்.

சதுர அடி

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். நல்லபடியாகத்தான் செய்தார்கள். சதை கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த டாக்டருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பெண். களைத்த முகம்.

"எத்தனை நாளா இருக்கு சார்?"

"எனக்குத் தெரிந்து நூறு நாளுக்கு மேல்."

"அதுவரைக்கும் என்ன பண்ணீங்க?"

"கீரை சாப்பிட்டேன்."

பேனாவைக் கீழே வைத்தார். "மார்ச்லயே வந்திருந்தீங்கன்னா…" என்று தொடங்கி நிறுத்தினார். முழுதாகச் சொல்லுங்கள் என்றேன். அரைக் கணக்கோடு வீட்டுக்குப் போகிறவன் இல்லை நான்.

"ஓரத்துல கொஞ்சம் எடுத்து நாலு தையல் போட்டிருப்பேன் சார். பேச்சு கிட்டத்தட்ட அப்படியே இருந்திருக்கும். இப்போ இடது பாதியை எடுக்கணும். கழுத்துலயும் எடுக்கணும். கைத்தோலை எடுத்து அந்த இடத்துல வச்சுத் தைப்போம்."

"பேச்சு?"

"பேசுவீங்க. தெளிவு குறையும். ஆனா வீட்ல இருக்கிறவங்க பழகிடுவாங்க. உங்க உதட்டையும் முகத்தையும் பாத்து…"

"என் மனைவிக்குக் கண் தெரியாது," என்றேன்.

சிஸ்டர் ஃபிலோமினா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். சுவரில் கடிகாரம் ஓடியது. எத்தனை நொடி என்று எண்ணியிருப்பேன், அன்று எண்ணவில்லை.

அறுவையில் எடுத்த பகுதி நான்கு சென்டிமீட்டருக்கு இரண்டரை என்று அறிக்கையில் இருந்தது. முப்பது வருடம் தோலைச் சதுர அடியில் கணக்கிட்டவன் நான். போட்டுப் பார்த்தேன். ஒரு சதுர அடியில் தொண்ணூற்று மூன்றில் ஒரு பங்கு. எங்கள் கம்பெனியில் அந்த அளவை வெட்டுக்கழிவில்கூட எழுதமாட்டோம்.

கையிலிருந்து வந்த தோலில் உணர்வு இல்லை. வாய்க்குள் யாரோ ஒரு துண்டை மறந்து வைத்துவிட்டுப் போன மாதிரி இருக்கிறது. கைத்தோல் ஆகையால் அதில் ரோமம் முளைக்கலாம், கதிர்வீச்சில் உதிர்ந்துவிடும், பயப்படாதீர்கள் என்றார்கள். பயப்படவில்லை. தோல் தொழிலில் முதல் வேலையே ரோமம் நீக்குவதுதான்.

பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரி. அதுவரை எஸ்தரை சிஸ்டரின் முதியோர் இல்லத்தில் வைத்திருந்தார்கள். பிறகு முப்பது தடவை கதிர்வீச்சு. ஆகஸ்டில் சிஸ்டர் ஸ்பெயினுக்கு விமானம் ஏறினார். வழியனுப்பப் போக முடியவில்லை.

புரியுது

அக்டோபரில் ஒரு மாலை, ஐந்து மணி, செய்தித்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எஸ்தர் வழக்கம்போல் எதிர் நாற்காலியில்.

ர இல்லை. ற இல்லை. ட, ள, ழ மூன்றும் ஒரே குழைவு. 'எஸ்தர்' என்பது 'எத்த' என்று வருகிறது. ஸ்பானிஷ் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ரமோன் காட்டிய தோல் துண்டின் இடது பக்கத்தைப் பிடிக்கக் கட்டைவிரல் இல்லை.

முதல் பக்கம் முழுவதும் வாசித்தேன். எனக்கே என் குரல் பக்கத்து வீட்டில் யாரோ பேசுவது போல் கேட்டது. நிறுத்தினேன்.

"புரியுது," என்றாள் எஸ்தர். "மேல வாசிங்க."

தேநீர் வேண்டுமா, மாத்திரை போட்டீங்களா, இவற்றுக்கெல்லாம் நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டோம். அவள் கேட்பாள், நான் அவள் புறங்கையில் தட்டுவேன். ஒரு தட்டு ஆமாம், இரண்டு தட்டு இல்லை. ஆனால் செய்தித்தாளைத் தட்ட முடியாது. எதிர்வீட்டுத் தம்பி எழுத்தைப் படித்துக்காட்டும் செயலி ஒன்றைக் கைபேசியில் போட்டுத் தந்தார். ஒரு நாள் அதைக் கேட்டுப் பார்த்தாள். "அந்தப் பொம்பள வேண்டாம். மழை, சாவு, கிரிக்கெட்டு எல்லாத்தையும் ஒரே மாதிரி படிக்குது. நீங்களே வாசிங்க," என்றாள்.

வாசித்தேன். ஒவ்வொரு மாலையும். முடித்ததும் "புரியுது" என்பாள்.

சிஸ்டர் ஸ்பெயினிலிருந்து குரல் செய்தி அனுப்பினார். "சார், இங்க பாட்டிமாரெல்லாம் எனக்க ர்ர் கேட்டுட்டு, நீ எந்த ஊருக்காரின்னு கேக்குதாங்க. ஏழுல இப்ப ஆறு பேருதான் இருக்காங்க. அக்காவ விசாரிச்சேன்னு சொல்லுங்க." எஸ்தர் அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள். அந்த 'ர்ர்' வரும் இடத்தில் ஒவ்வொரு முறையும் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

போன வாரம் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. வாசித்துக்கொண்டிருந்தபோதே, செய்தித்தாளில் இல்லாத ஒரு வரியைச் சேர்த்தேன். அதே குரலில், நிறுத்தி நிதானமாக. 'தங்கம் விலை சரிந்தது. சவரன் நூறு ரூபாய்.'

தங்கத்தின் விலையைத் தினமும் இரண்டு தடவை கேட்கிறவள் அவள். ஒரு சவரனுக்கு ஐந்து ரூபாய் ஏறினாலும் பெருமூச்சு விடுகிறவள்.

"ம். புரியுது," என்றாள். கைகளை மடியில் கோத்துக்கொண்டு, என் பக்கமாக முகத்தைச் சற்றே சாய்த்து, மிகுந்த கவனத்தோடு.

செய்தித்தாளை மடித்து வைத்தேன். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. தொண்ணூற்றாறு நாள் நான் 'பரவாயில்லை' சொன்னேன். அவளுடைய 'புரியுது' இன்னும் நாற்பத்தொன்றில்தான் இருக்கிறது.

பிறகு அவளே பேசினாள். "என்னங்க, ஒண்ணு சொல்லட்டுமா? நாம கீரைய நிறுத்தினதுதான் தப்பு. நல்லா ஆறிக்கிட்டு இருந்துச்சு. நீங்களே தெனம் சொன்னீங்க. நிறுத்தின மறுநாளே டாக்டர்கிட்ட ஓட வேண்டியதாப் போச்சு. இன்னும் ஒரு மண்டலம் சாப்பிட்டிருந்தா வெட்டவே வேண்டியிருந்திருக்காது."

நான் அவள் புறங்கையில் இரண்டு தட்டு தட்டினேன்.

"சும்மா இருங்க. நாளைக்கு ஒரு கட்டு வாங்கிட்டு வாங்க. மசிச்சு வடிகட்டித் தரேன்."

மறுநாள் முனைக்குப் போனேன். மழை விட்டிருந்தது. அஞ்சலை என்னைப் பார்த்ததும், "இன்னா சார், ஆளையே காணோம்! ஊருக்குப் போயிருந்தியா?" என்று ஆரம்பித்தவள் என் கழுத்துத் தழும்பைப் பார்த்து நிறுத்திவிட்டாள். மணத்தக்காளியைச் சுட்டிக்காட்டினேன். எடுத்துக் கொடுத்தாள். கேட்காமலே ஒரு கைப்பிடிக் கறிவேப்பிலையை மேலே வைத்தாள்.

எஸ்தர் முறத்தை மடியில் வைத்துக்கொண்டாள். விரல்கள் இலையைத் தேடின. ஐந்து மாதத்துக்குப் பிறகு அந்த முகம் மலர்ந்தது.

எங்கள் தெருவில் இந்த இதழ் வாங்கும் வீடுகள் நான்கு. நான்கு வீட்டுக்கும் போய், இந்த வாரக் கட்டுரையைப் பற்றி எஸ்தரிடம் பேச வேண்டாம் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். மூன்று வீட்டில் தலையாட்டினார்கள். நான்காவது வீட்டு அம்மா கேட்டார்: "அப்புறம் எதுக்கு சார் எழுதணும்?"

மார்ச்சைப் பற்றி டாக்டர் சொன்னதை அவளிடம் நான் சொல்லியாக வேண்டும். அவள் அதைத் தெரிந்துகொள்ளவும் கூடாது. இரண்டுக்கும் எனக்கு இருப்பது இந்த ஒரு வழிதான். வெள்ளிக்கிழமை இதழ் வரும். மாலை ஐந்து மணிக்கு, முதல் வரியில் உள்ள தேதியிலிருந்து கடைசி வரிவரை, ஒரு சொல் விடாமல் இதை அவளுக்கு வாசிப்பேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பாள். முடித்ததும், புரியுது என்பாள்.

ஆஸ்பத்திரிச் செலவைக் காப்பீடு கட்டிவிட்டது. அதை என் கணக்கில் சேர்க்கவில்லை. நான் கொடுத்தது இவ்வளவுதான்: மணத்தக்காளிக் கீரை தொண்ணூற்றேழு கட்டு, கட்டு பதினைந்து வீதம், ஆயிரத்து நானூற்று ஐம்பத்தைந்து ரூபாய்.